வீட்டில் கட்டிய ஹோவர்கிராஃப்டில் இரைச்சலும் அதிர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்று அல்லது இரண்டு பேர் செல்லக்கூடிய, சிறிய பெட்ரோல் எஞ்சினும் விசிறியும் பொருத்தி வீட்டிலேயே கட்டப்பட்ட ஹோவர்கிராஃப்டை, அதாவது அடியில் ஊதப்படும் காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்லும் ஊர்தியை, மனத்தில் கொண்டு இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இதைக் கட்டுபவர்களில் பலர் அதிர்வு வந்தவுடன் ரப்பரையும், இரைச்சல் வந்தவுடன் பஞ்சையும் தேடிப் போகிறார்கள். நானும் முதல் ஊர்தியில் அதையே செய்தேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை இரண்டு முறை மாற்றிய பிறகுதான், கோளாறு எஞ்சினில் இல்லை, விசிறியின் ஒரே ஒரு இறக்கையில் இருந்தது என்று தெரிந்தது. எந்தப் பாகம் சுழல்வதால் அந்த அதிர்வு பிறக்கிறது என்பதை எண்ணால் உறுதி செய்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும் என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் பல வகையில் வலியுறுத்துகின்றன.

எவ்வளவு அதிர்வு இயல்பானது?

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பொருத்திய ஊர்தியில் அதிர்வே இல்லாமல் இருக்காது. பிஸ்டன் மேலும் கீழும் செல்வதால் உண்டாகும் விசையை அத்தகைய எஞ்சினுக்குள்ளேயே முழுவதுமாகச் சமன்செய்ய இயலாது. எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் ஓரிரு விநாடிகள் ஊர்தி குலுங்குவதும், மெதுவாக ஓடும்போது கைப்பிடி லேசாக நடுங்குவதும் கவலைக்குரியவை அல்ல. ஆனால் ஓட்டும் வேகத்தில் பத்து நிமிடம் சென்றவுடன் விரல்கள் மரத்துப்போனாலோ, அளவுமானிகளின் முள்ளைப் படிக்க முடியாமல் போனாலோ, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு நட்டு தளர்ந்திருந்தாலோ அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. நேற்று இல்லாத அதிர்வு இன்று வந்திருக்கிறது என்றால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காரணம் தெரியும்வரை ஊர்தியை ஓட்டக் கூடாது.

அதிர்வு எஞ்சினிலிருந்து வருகிறதா, விசிறியிலிருந்து வருகிறதா என்று எப்படி அறிவது?

கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கவனிப்பதுதான். ஊர்தியை உறுதியான கயிறுகளால் நான்கு பக்கமும் கட்டி, சுற்றிலும் ஆள்கள் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அதிர்வு அதிகமாக இருக்கும் வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுசென்று இக்னிஷனை அணைக்கவும். விசிறியின் எடையால் எல்லாமே இன்னும் சில விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். அணைத்த அதே கணத்தில் அதிர்வு நின்றுவிட்டால், அது எரிபொருள் வெடிப்பினால், அதாவது எஞ்சினின் முறுக்கு விசைத் துடிப்பினாலோ புகைபோக்கியினாலோ வந்தது. வேகம் குறையக் குறைய அதிர்வும் படிப்படியாக அடங்கினால், சுழலும் பாகம் ஏதோ ஒன்றில் எடை சமனில்லை. இடையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கும்போது மட்டும் ஒரு முறை பலமாக உதறிவிட்டு அடங்கினால், அது ஒத்ததிர்வு.

இரண்டாவது சோதனை, எஞ்சினின் சுழற்சியை விசிறிக்குக் கடத்தும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை மட்டும் ஓட்டுவது. சுமையே இல்லாத எஞ்சின் கட்டுமீறிய வேகத்துக்குப் போய்விடும் என்பதால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ள எஞ்சினாக இருந்தாலொழிய இதைக் குறைந்த வேகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். முடிவைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை: சுமையில்லாமல் அமைதியாக ஓடும் எஞ்சின், சுமையோடும் அப்படியே ஓடும் என்று கருதிவிட முடியாது.

கைப்பேசி செயலியில் அதிர்வெண் தெரிகிறது. அதை வைத்து என்ன செய்வது?

ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலி உங்கள் கையில் இருந்தால், பாதி வேலை முடிந்த மாதிரிதான். முதலில் உங்கள் ஊர்தியில் சுழலும் ஒவ்வொன்றும் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கும் என்று ஒரு தாளில் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடுகிறது. எஞ்சினில் 22 பல் உள்ள புல்லியும் விசிறியில் 36 பல் உள்ள புல்லியும் இருக்கின்றன. விசிறிக்கு 6 இறக்கைகள். எஞ்சினின் சுழற்சி 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே வெடிப்பதால் வெடிப்புத் துடிப்பு 30 ஹெர்ட்ஸ். விசிறி நிமிடத்துக்கு 2,200 சுற்று சுழல்கிறது; அது ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸ். ஆறு இறக்கைகளும் ஓர் இடத்தைக் கடந்து செல்லும் துடிப்பு 220 ஹெர்ட்ஸ். பெல்ட் பற்கள் புல்லியில் விழும் துடிப்பு 1,320 ஹெர்ட்ஸ். பெல்ட்டில் மொத்தம் 140 பற்கள் இருந்தால், பெல்ட் தன்னைத்தானே ஒரு முறை சுற்றிவருவது விநாடிக்கு 9 முறைக்குச் சற்று மேல்.

இப்போது செயலியில் 37 ஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை தெரிந்தால் விசிறியின் எடைச் சமனைச் சந்தேகிக்க வேண்டும். 220-இல் தெரிந்தால் இறக்கைகளுக்கு மிக அருகில் ஏதோ தடை இருக்கிறது. 1,320-இல் தெரிந்தால் பெல்ட். 60 மட்டும் உயர்ந்திருந்தால் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல், புல்லி, கப்பிளிங் ஆகியவற்றைப் பாருங்கள். கைப்பேசியின் மைக், பேச்சொலிக்காக வடிவமைக்கப்பட்டது. மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை அது குறைத்தே காட்டும். ஆகவே 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை, மைக்கை விடுத்து, கைப்பேசியை ஃபிரேமில் இறுகக் கட்டி அதற்குள் அசைவை உணரும் முடுக்கமானி வழியாக அளப்பது நல்லது.

விசிறியை வீட்டிலேயே பேலன்ஸ் செய்ய முடியுமா?

முடியும், செய்தே ஆகவும் வேண்டும். இதில் காட்டும் பொறுமைக்குக் கிடைக்கும் பலன் வேறெதிலும் கிடைப்பதில்லை. மையத்திலிருந்து 45 செ.மீ. தொலைவில், இறக்கையின் நுனியில், 10 கிராம் சேறு ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். விசிறி 2,200 சுற்றில் சுழலும்போது அந்தப் பத்து கிராம், ஷாஃப்டை ஏறக்குறைய 240 நியூட்டன் விசையோடு வெளிப்புறமாக இழுக்கிறது. அதாவது 24 கிலோ மூட்டை ஒன்று விநாடிக்கு 37 முறை திசை மாறி மாறி இழுப்பதற்குச் சமம். வேகம் இரட்டிப்பானால் இந்த விசை நான்கு மடங்காகும். ஆகவே முதல் வேலை, எல்லா இறக்கைகளையும் இருபுறமும் கழுவித் துடைப்பது. மிகச் சாதாரணமான வேலையாகத் தோன்றினாலும், சேற்று நிலத்தில் ஓட்டிய பிறகு வரும் அதிர்வு பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். இறக்கை உள்ளீடற்றதாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்றும் குலுக்கிப் பாருங்கள்.

அது போதாவிட்டால், இறக்கைகளைப் பிடித்திருக்கும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றி, இறக்கைகளை எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துங்கள். எடையில் ஒத்த இரண்டிரண்டு இறக்கைகளை எதிரெதிராகப் பொருத்துங்கள். எடை மட்டும் ஒத்திருந்தால் போதாது. ஒவ்வோர் இறக்கையின் சாய்வுக் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒரே ஓர் இறக்கை அதிகம் சாய்ந்திருந்தாலும் அது மட்டும் கூடுதல் காற்றைத் தள்ளி, தராசில் எந்தக் குறையும் தெரியாத ஓர் அதிர்வை உண்டாக்கும். நுனிகள் அனைத்தும் ஒரே தளத்தில் சுழல்கின்றனவா என்பதை, விசிறியைச் சூழ்ந்திருக்கும் வளையக் கூடான டக்டில் ஒரு குச்சியை நிலையாக நிறுத்தி, விசிறியைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு நுனிக்கும் குச்சிக்கும் இடையிலான தொலைவை அளந்து பார்க்கலாம்.

பின்னர் ஹப்பை நேரான, வழவழப்பான ஒரு தண்டில் செருகி, நீர்மட்டம் பார்த்து வைக்கப்பட்ட இரண்டு கூர்விளிம்புகளின் மேல் உருளவிடுங்கள். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அப்போது எடை சேர்ப்பதற்கு முன், இறக்கைகளை இடம் மாற்றிப் பார்ப்பதே முறை. ஏனென்றால் நுனியில் உள்ள 10 கிராம் குறையை மையத்திலிருந்து 6 செ.மீ. தொலைவில் உள்ள ஹப் போல்ட்டில் ஈடுகட்ட 75 கிராம் வாஷர் தேவைப்படும். இறக்கையில் துளையிட்டுச் சமன் செய்வதை எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்; துளையின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். முன்விளிம்பு உடைந்த இறக்கைக்குப் பசை பூசுவதும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பேலன்ஸ் சரியாக உள்ளது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எல்லாம் உதறுகிறது. ஏன்?

விசிறி நிற்கும் தாங்கிக்கோ எஞ்சின் ஃபிரேமுக்கோ இயல்பாகவே ஓர் அதிர்வெண் உண்டு. சுழலும் பாகத்தின் துடிப்பு அதனோடு பொருந்தும்போது, மிகச் சிறிய விசையும் பெரிய ஆட்டமாக வளர்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது தாங்கியின் மேற்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டி, அங்கே கட்டிய கைப்பேசியில் எந்த அதிர்வெண் எழுகிறது என்று பாருங்கள். அது 37-க்கோ 30-க்கோ அருகில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

தீர்வு, அந்த அதிர்வெண்ணை இடம் நகர்த்துவது. ஒரு மூலைவிட்டக் குழாயைத் தாங்கியில் பற்றவைத்து விறைப்பைக் கூட்டினால் அதிர்வெண் மேலே செல்லும். எடையைக் கூட்டினால் கீழே இறங்கும். எடை கூட்டுவது இந்த ஊர்திக்கு ஆகாத செயல் என்பதால் விறைப்பைக் கூட்டுவதே ஏற்றது. முக்கோணமாக இணைக்கப்படாத சதுரச் சட்டங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. எதுவும் உடனே செய்ய முடியாவிட்டால், அந்த வேகத்தில் தங்காமல் விரைவாகக் கடந்துசெல்வது தற்காலிகத் தீர்வு. நிரந்தரத் தீர்வாக அதைக் கொண்டால் பற்றவைப்பு இணைப்புகள் ஒருநாள் விட்டுவிடும்.

ரப்பர் மவுண்ட் போட்ட பிறகு அதிர்வு அதிகமாகிவிட்டது. இது எப்படி நடக்கும்?

ரப்பர் எல்லா அதிர்வையும் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறு. மவுண்டின் மேல் நிற்கும் எடையும் ரப்பரின் மென்மையும் சேர்ந்து தமக்கென ஓர் இயல்பு அதிர்வெண்ணை உருவாக்குகின்றன. அதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்களை மட்டுமே மவுண்ட் தடுக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றை அது பெருக்கிவிடும்.

எஞ்சினை இறக்கி வைத்தவுடன் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறது என்று மி.மீ. கணக்கில் அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் இயல்பு அதிர்வெண் தோராயமாக ஹெர்ட்ஸில் கிடைக்கும். 2 மி.மீ. அமுங்கினால் 11 ஹெர்ட்ஸ். 16 ஹெர்ட்ஸுக்கு மேல் மவுண்ட் பயன் தரத் தொடங்கும், ஆகவே 30 ஹெர்ட்ஸ் வெடிப்புத் துடிப்பு நன்றாகவே அடங்கும். ஆனால் ரப்பர் கடினமாக இருந்து அரை மி.மீ. மட்டுமே அமுங்கினால் இயல்பு அதிர்வெண் 22 ஹெர்ட்ஸ். பயன் தொடங்குவது 31-க்கு மேல். அதாவது 3,600 சுற்றில் எழும் 30 ஹெர்ட்ஸ் வெடிப்புத் துடிப்பை மவுண்ட் தடுக்காது. 2,700 சுற்றுக்கு அருகில் ஒத்ததிர்வில் சிக்கி ஊர்தியையே உலுக்கும். ஓடும்போது ரப்பர் இன்னும் சற்று விறைப்பாகவே நடந்துகொள்ளும் என்பதால் கணக்கில் கொஞ்சம் இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுங்கள்.

பலரும் செய்யும் இன்னொரு பிழை, எஞ்சினை மட்டும் ரப்பரின் மேல் வைத்துவிட்டு விசிறியைத் தனியாக ஃபிரேமில் இறுக்குவது. சுமை ஏறியவுடன் பெல்ட் எஞ்சினைத் தன் பக்கம் இழுக்கும். புல்லிகளின் நேர்க்கோடு கெடும். பெல்ட் தளர்ந்து பல் தாண்டும். எஞ்சினையும் விசிறி ஷாஃப்டையும் ஒரே விறைப்பான துணைச்சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்தை முழுவதுமாக ரப்பரின் மேல் நிறுத்துவதே சரியான அமைப்பு. அப்படிச் செய்யும்போது விசிறியும் சேர்ந்து அசையும் என்பதால், டக்டையும் அதே சட்டத்தோடு இணைக்க வேண்டும். இல்லையெனில் இறக்கை நுனி டக்டில் உரசும்.

பெல்ட் ஊளையிடுகிறது. தளர்த்தலாமா?

பல் பெல்ட்டின் ஊளை பெரும்பாலும் இரண்டு காரணங்களால் வருகிறது: அளவுக்கு மீறிய இறுக்கம், புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமை. ஒரு நேர்ச்சட்டத்தை இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒருசேர வைத்துப் பாருங்கள். நான்கு இடங்களிலும் தொட வேண்டும். பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து பிசிறு தட்டியிருந்தால் நேர்க்கோடு தவறியிருக்கிறது. நேர்க்கோட்டைச் சரிசெய்த பிறகே இறுக்கத்தைத் தொடுங்கள். பெல்ட் தயாரிப்பாளர் தந்திருக்கும் அளவுக்குக் கீழே தளர்த்த வேண்டாம். விநாடிக்கு ஒன்பது பத்து முறை 'டப் டப்' என்று ஒரே சீராகக் கேட்டால் பெல்ட்டில் ஓர் இடத்தில் பல் சேதமாகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பெல்ட்டுக்கு மேற்கொண்டு ஆயுள் கிடையாது.

பேரிங் போய்விட்டதை எப்படிக் கண்டறிவது?

பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தாலோ, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ பேரிங்கை மாற்ற வேண்டும். ஓட்டம் முடிந்து விசிறி முழுவதும் நின்றவுடன் பேரிங் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு நல்ல அறிகுறி அல்ல. கிரீஸ் குறைந்தாலும் சூடாகும், அளவுக்கு மேல் திணித்தாலும் சூடாகும். ஷாஃப்டில் பேரிங்கைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் தளர்ந்தாலும் இதே போன்ற உறுமல் வரும். புதிய பேரிங் வாங்குவதற்கு முன் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

விசிறியிலிருந்து சைரன் போன்ற ஒற்றை ஒலி வருகிறது. காரணம் என்ன?

இறக்கைகள் ஏதோ ஒரு தடையை மிக நெருக்கமாகக் கடந்து செல்கின்றன. நம் எடுத்துக்காட்டில் அது 220 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஒலிக்கும். விசிறிக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பிகள், தாங்கிக் குழாய், எஞ்சினின் ஒரு பகுதி என எதுவும் தடையாகலாம். முன்னால் உள்ள தடையின் பின்புறம் காற்று கலங்கியிருக்கும். ஒவ்வோர் இறக்கையும் அந்தக் கலக்கத்தை வெட்டும்போது ஒரு தட்டு விழுகிறது. தடையைக் குறைந்தது ஓர் இறக்கையின் அகலம் அளவுக்காவது விலக்கி வைக்க முயலுங்கள். உருண்டைக் குழாயின் பின்புறம் மெல்லிய கூர்வால் ஒன்றைப் பொருத்துவதும் உதவும். தடுப்பு வலையை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றிவிடக் கூடாது.

ஒரே விசிறியின் காற்றைப் பிரித்து, ஒரு பகுதியை ஸ்கர்ட்டுக்கும் (ஊர்தியின் அடியில் காற்றைப் பிடித்துவைக்கும் துணிச்சுற்று) மறுபகுதியை உந்துதலுக்கும் அனுப்பும் ஊர்திகளில், காற்றைப் பிரிக்கும் பலகையின் விளிம்பே இந்தச் சைரனுக்கு முதல் காரணம். இறக்கையின் முழு நீளமும் ஒரே கணத்தில் அந்த விளிம்பைக் கடக்காதபடி, விளிம்பைச் சற்றுச் சாய்வாகவோ வளைவாகவோ வெட்டினால் ஒலி தணிவதைக் காதாலேயே உணரலாம். விசிறிக்குப் பின்னால் நிலைத்தகடுகள் வைப்பதாக இருந்தால், ஆறு இறக்கைக்கு ஆறு தகடோ மூன்று தகடோ வைக்காமல் ஐந்து அல்லது ஏழு வையுங்கள். எல்லா இறக்கைகளும் ஒரே நேரத்தில் தகடுகளைக் கடக்கும் நிலை அப்போது வராது.

டக்டின் நுழைவாயில் கூர்மையான வெறும் விளிம்பாக இருந்தாலும் காற்று கிழிந்து உள்ளே நுழைந்து இரையும். நன்கு உருட்டப்பட்ட வாய் இரைச்சலைக் குறைப்பதோடு உந்துதலையும் கூட்டும் என்பதால், இதற்குச் செலவிடும் நேரம் வீணாவதில்லை.

ஸ்கர்ட் நிரம்பியதும் விசிறி கரகரவென்று உறுமுகிறது. எஞ்சின் வேகமும் ஏறி இறங்குகிறது. ஏன்?

விசிறி தள்ளும் காற்று வெளியேற வழி போதாதபோது, இறக்கையின் மேற்பரப்பிலிருந்து காற்று விலகிப்போகிறது. இதுதான் ஸ்டால். இறக்கையின் சாய்வு அதிகமாக இருந்தாலும், ஸ்கர்ட்டுக்குள் செல்லும் துளைகள் சிறியவையாக இருந்தாலும் இது நேரும். ஸ்கர்ட்டின் ஓர் ஓரத்தைப் பலகையால் சற்றுத் தூக்கிக் காற்றை வெளியேற விடுங்கள். உறுமல் உடனே நின்றால் சந்தேகமே வேண்டாம்.

துல்லியமாகப் பார்க்க, தெளிவான குழாய் ஒன்றை ஆங்கில யு எழுத்துப் போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஊர்தியின் அடியில் உள்ள காற்று மெத்தைக்குள் விடுங்கள். ஆளோடு சேர்த்து 300 கிலோ எடையுள்ள ஊர்தி, 5.4 சதுர மீட்டர் காற்று மெத்தையின் மேல் நிற்கிறது என்றால் அழுத்தம் சுமார் 545 பாஸ்கல். குழாயின் இரு பக்க நீர்மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 56 மி.மீ. வேறுபாடு தெரியும். ஊர்தியின் எடை மட்டுமே இந்த எண்ணை நிர்ணயிப்பதால், கணக்கைவிட அதிகமாகக் காட்டினால் ஊர்தி நீங்கள் நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. நுரைக்குள் தண்ணீர் ஊறிய பழைய ஊர்திகளில் இதைப் பலமுறை காணலாம். அந்த அழுத்தத்தில் உங்கள் விசிறி ஸ்டால் ஆகாமல் காற்றைத் தள்ளுமா என்பதை, தயாரிப்பாளரின் வரைபடத்தில் பார்த்துச் சாய்வைக் குறைக்கலாம்.

தரையில் மிதந்தபடி நிற்கும்போது ஊர்தி முழுவதும் பந்துபோல் துள்ளுகிறது. எஞ்சின் காரணமா?

இல்லை. விநாடிக்குச் சில முறை மட்டுமே நிகழும் அந்தத் துள்ளல், ஸ்கர்ட்டும் காற்று மெத்தையும் ஒன்றையொன்று தூண்டிவிடுவதால் வருகிறது. 1959 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த எஸ்.ஆர்.என்.1 என்ற முன்னோடி ஹோவர்கிராஃப்டுக்கு அப்போது நெகிழும் ஸ்கர்ட் கிடையாது. அது தரைக்கு மிக அருகிலேயே மிதந்தது. ஸ்கர்ட் வந்த பிறகு தடைகளைத் தாண்டும் உயரம் கிடைத்தது. கூடவே இந்தத் துள்ளலும் வந்தது. ஊர்தி சற்று எழும்பும்போது காற்று வெளியேறி அழுத்தம் குறைகிறது. விழும்போது வழி அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஊர்தியின் அசைவுக்குச் சற்றுப் பின்தங்கி வந்தால், ஒவ்வொரு துள்ளலும் அடுத்ததற்கு உதைகொடுக்கிறது. சிமெண்ட் தரை போன்ற வழவழப்பான, கடினமான பரப்பில் இது அதிகமாகவும், புல்வெளியில் குறைவாகவும் தெரியும்.

முதலில் மெத்தைக்குக் காற்று ஊதும் லிஃப்ட் விசிறியின் வேகத்தைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். அதிகக் காற்று நல்லது என்று எண்ணித் தேவைக்கு மேல் ஊதுவதே பல ஊர்திகளில் காரணமாக இருக்கிறது. பை வகை ஸ்கர்ட்டில், பையிலிருந்து மெத்தைக்குச் செல்லும் துளைகளின் மொத்தப் பரப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். ஒரு துளையைத் திறந்து சோதித்த பிறகே அடுத்ததைத் திறங்கள். துணித்துண்டுகள் வரிசையாகத் தொங்கும் விரல் வகை ஸ்கர்ட்டில் இந்தத் துள்ளல் அவ்வளவாக வருவதில்லை.

துள்ளலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, ஸ்கர்ட்டின் கீழ்விளிம்பு படபடவென்று அடித்துக்கொள்வது. அது ஊர்தியை உலுக்காது; ஆனால் துணியின் பூச்சை உரித்து, விளிம்பை நார்நாராகக் கிழித்துவிடும். ஒரே பக்கத்தில் மட்டும் படபடத்தால் அந்தப் பக்கம் எடை குறைந்து உயர்ந்து நிற்கிறது. எரிபொருள் தொட்டியையோ பேட்டரியையோ நகர்த்தி ஊர்தியைச் சமமாக நிறுத்துங்கள்.

இலை ஊதும் கருவியை வைத்துச் செய்த வட்டப் பலகை ஊர்தி ரீங்கரிக்கிறது. என்ன செய்யலாம்?

பலகைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள், தரையோடு ஒட்டி ஒட்டி விலகும்போது நாதசுரத்தின் சீவாளிபோல் அதிர்ந்து ஒலிக்கிறது. தாளைச் சற்றுத் தொய்வாகப் பொருத்தி, நடுவட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். கருவியைப் பலகையில் நேரடியாகத் திருகாமல் இடையே தடித்த நுரைவளையம் வைத்தால் மோட்டாரின் அதிர்வும் பலகைக்கு இறங்காது.

அதிர்வோடு எஞ்சினும் திக்கித் திக்கி ஓடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் பலத்த அதிர்வில் நுரைத்துவிடும். அப்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த நிலை நீடித்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடக்கூடும் என்பதால், கார்புரேட்டரை மென்ரப்பர் இணைப்பில் பொருத்துவதும் அதிர்வின் மூலத்தைக் களைவதும் தள்ளிப்போடக் கூடாத வேலைகள்.

சைலன்சரை மாற்றினால் இரைச்சல் பாதியாகுமா?

அது மொத்த இரைச்சலில் எஞ்சினின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் போன்றதல்ல. விசிறி தனியாக 95 டெசிபலும் எஞ்சின் தனியாக 85 டெசிபலும் தந்தால், இரண்டும் சேர்ந்து 95.4 மட்டுமே. அங்கே எஞ்சினை முழுவதுமாக ஊமையாக்கினாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டும் சம அளவில் இருந்தால்கூட, ஒன்றை அடியோடு நீக்கினால் குறைவது 3 டெசிபல்தான். ஆகவே எது அதிகமோ அதைத்தான் முதலில் தொட வேண்டும். வேகமாகச் சுழலும் விசிறியுள்ள சிறிய ஊர்திகளில் அது பெரும்பாலும் விசிறியாகவே இருக்கும்.

விசிறியின் இரைச்சல் நுனியின் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுகிறது. 0.9 மீட்டர் விட்டமுள்ள விசிறி 2,200 சுற்றில் சுழலும்போது நுனியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 104 மீட்டர். இதைப் பத்து விழுக்காடு குறைத்தாலே இரண்டரை டெசிபல் அளவுக்கு இரைச்சல் குறையும். ஆகவே சற்றுப் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது, சிறிய விசிறியைச் சீறவிடுவதைவிட எல்லா வகையிலும் மேலானது. புல்லியை மாற்றும்போது எஞ்சின் தன் உரிய வேகத்தை எட்டுகிறதா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின்தான் காரணம் என்று தெரிந்தால், சைலன்சருக்கு முன் புகைபோக்கி இணைப்புகளைப் பாருங்கள்; கரிய புகைக்கறை படிந்த இடத்தில் கசிவு இருக்கும். காற்று உள்ளிழுக்கும் வாயும் பெரிதாக இரையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் விரிவறைக் குழாயை மட்டும் உங்கள் விருப்பப்படி வெட்டவோ மாற்றவோ வேண்டாம். அது எஞ்சினோடு சேர்த்து வடிவமைக்கப்பட்ட ஒரு பாகம்.

எப்படியிருந்தாலும் காதுக்கவசம் அவசியம். நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற பரிந்துரை அளவில், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே மிஞ்சும்.

உடல்பகுதி முரசுபோல் அதிர்கிறது. பஞ்சு ஒட்டலாமா?

பஞ்சு காற்றில் வரும் ஒலியை ஓரளவு விழுங்கும்; தகடு அதிர்வதை நிறுத்தாது. பெரிய தட்டையான ஒட்டுப்பலகையின் உட்புறம் குறுக்கே மெல்லிய சட்டம் ஒன்றை ஒட்டி அதை இரண்டு சமமற்ற பகுதிகளாகப் பிரித்துவிடுங்கள். தண்ணீர் உறிஞ்சும் எந்தப் பொருளையும் ஊர்திக்குள் ஒட்ட வேண்டாம்.

எந்த அறிகுறி தெரிந்தால் அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும்?

திடீரென்று தொடங்கும் பலத்த உதறல், இறக்கை டக்டில் உரசும் ஒலி, எரிந்த ரப்பர் வாசனை, முன்பு கேட்டிராத உலோகத் தட்டல். நீரின் மேல் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். நல்ல மிதப்பு நுரை உள்ள ஊர்தி மூழ்காது, ஆனால் உடைந்த இறக்கை எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. விசிறி சுழலும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில், சோதனையின்போதும்கூட, எவரும் நிற்கக் கூடாது.

கோளாறு உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, அதே தரையில், அதே எடையோடு, அதே எஞ்சின் வேகத்தில், கைப்பேசியை அதே இடத்தில் கட்டி மீண்டும் அளக்க வேண்டும். விசிறியையும் மவுண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாமலேயே போய்விடும்; அடுத்த முறை அதிர்வு வரும்போது மறுபடியும் தொடக்கத்திலிருந்து தேட நேரும். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் போல்ட்டோடு சேர்த்து ஒரு வண்ணக்கோடு இழுத்துவிடுங்கள். முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்காவது கோடு முறிந்து விலகியிருந்தால், அந்த நட்டை இறுக்குவதோடு நிற்காமல் அதைத் தளர்த்தியது எது என்று அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள்.